சோடியம் வரவில்லை

எட்டிலிருந்து பத்தரை வரை
எங்கள் பக்கத்துக்கு மின்வெட்டு.
சாட்ஸ்வர்த் மேட்டில் ஜெனரேட்டர்கள் இருமுகின்றன.
கேட் மோட்டாரின் மூடியைக் கழற்றி
பன்னிரண்டு வோல்ட் பேட்டரியைத் தூக்கிவந்து
அடுப்படி மேசையில் வைத்திருக்கிறேன்.

இரண்டு மதிப்பெண்ணுக்காக.

"செறிந்த உப்புக் கரைசலில்
எதிர்மின்வாயில் விளைவது யாது?"
சோடியம் என்று எழுதினேன்.
நியாயம்தானே?
நேர்மின் சுமந்தது எதிர்முனைக்குத்தான் போகும்,
அங்கேதான் எலக்ட்ரான் கொட்டிக் கிடக்கிறது.
மிஸ் படையாச்சி சிவப்புப் பேனாவால்
ஒரு கோடு இழுத்தார். கோடு மட்டும்.

சிபெசிஹ்லே வாட்ஸாப்பில் எழுதினாள்:
"சோடியம் வந்திருந்தால்
தம்ளரே தீப்பிடித்திருக்கும், யுகி. சும்மா படு."
படுக்கவில்லை.

முதலில் உலர்ந்த உப்பு, தட்டில் ஒரு குவியல்.
இருபுறமும் சீவிய பென்சில்கள் இரண்டைக் குத்தினேன்.
ஒன்றுமில்லை.
உப்புக்கல்லுக்குள் எல்லாரும் இறுகக் கைகோத்து நிற்கிறார்கள்,
ஒருவரும் நகர வழியில்லை.
தண்ணீர் ஊற்றினால்தான் பிடி தளரும்;
தளர்ந்தபின்தான் அயனிகளுக்கு நடை.

பிறகு தம்ளர். தண்ணீர், கை நிறைய உப்பு,
ஒரு சிட்டிகை மஞ்சள்தூள்
(காரத்தைக் காட்டிக்கொடுக்க வீட்டில் வேறென்ன இருக்கிறது).
கைபேசி விளக்கைச் சாய்த்துவைத்துக் கம்பிகளைத் தொட்டேன்.

கறுப்புக் கம்பி போன பென்சிலைச் சுற்றி
நுரை, நுரை, ஊசிமுனைக் குமிழிகள்.
சிவப்புக் கம்பிப் பக்கம் சோம்பலாக ஒன்றிரண்டு,
பிறகு நீச்சல்குள வாசனை.
குளோரைடு அங்கே எலக்ட்ரானை இழந்து
இரண்டிரண்டாய்ச் சேர்ந்து குளோரினாய் வெளியேறுகிறது.
ஜன்னலைத் திறந்தேன்.

சோடியம் வராமல் இல்லை.
வந்து நிற்கிறது,
வெள்ளிக்கிழமை மாலை வார்விக் டாக்சி நிலையத்தில் நிற்பதுபோல.
பக்கத்தில் இருந்த தண்ணீர்தான்
முண்டியடித்து எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது,
பாதி ஹைட்ரஜனாய்ப் பறக்கிறது,
மீதி ஹைட்ராக்சைடாய்த் தங்கிவிடுகிறது.
சோடியத்துக்கு வாங்கிப் பழக்கமில்லை.
மைனஸ் இரண்டு புள்ளி ஏழு ஒன்று:
அட்டவணையில் அந்த எண்ணை
உருப்போட்டு வைத்திருந்தேன், என்னவென்று கேட்டதில்லை.

மஞ்சள் சிவந்தது.
கறுப்புக் கம்பியின் பக்கம் மட்டும், மெல்ல,
ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு விழுந்ததுபோல்.
மறுபக்கம் அதே மஞ்சள் வெளுத்துக்கொண்டே போனது.
ஒரே தம்ளர்.

வெளியே ஹார்ன்.
அப்பா, ப்ராஸ்பெக்டன் ஷிஃப்ட் முடிந்து.
ரிமோட்டை அழுத்துவார், அழுத்துவார்,
கேட் அசையாது.
மறுபடி ஹார்ன், இம்முறை நீளமாக.

கழற்றி மாட்ட ஒரு நிமிடம் போதும்.
இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்.