ஆள் ஏற ஏற

பாபநாசம் தடத்தில் பத்தொன்பது வருசம் ஓடிய
பேருந்தின் பின்பக்கப் பட்டை அது.
எடைக்குப் போட வைத்திருந்தேன்.
தச்சநல்லூர் பைபாஸில் என் பட்டறைக்கு வந்து
சொர்ணபுஷ்பம் அதன் வளைவைத் தடவினாள்,
சந்தையில் மாட்டின் முதுகைத் தடவுகிற மாதிரி.
"இத எனக்கு வில்லாக்கித் தாரும்."

நான் லாரிக்குப் பட்டை அடிக்கிறவன்.
சம்மட்டி விழும்போது நல்ல இரும்பு ஒன்று சொல்லும்,
விரிசல் விட்டது வேறு சொல்லும்.
நான் அறிந்த சுதி அவ்வளவுதான்.
அவள் கொடைக்குக் கொடை வில்லடிப்பவள்.
பங்குனி பிறந்தால் தொண்டை கட்டிக்கொள்ளும்,
மற்ற நாளில் வண்ணாரப்பேட்டையில்
ஆம்ப்ளிபயர் பழுது பார்ப்பாள்.

நாணுக்குத் தோல் வேண்டாம் என்றாள்.
பிரேக் கேபிள் கட்டினோம்;
அறுந்து வந்து என் கன்னத்தில் கோடு போட்டது.
கிளட்ச் கேபிள் வெறுமனே முனகியது.
களக்காட்டில் பன்றிக்கு இழுக்கிற வேலிக்கம்பி
கடைசியில் பேசியது.

குடத்தின் கழுத்தில் வில்லை மல்லாத்தி
நாண் மேலே தெரிய வைப்பதுதானே வழக்கம்.
இவள் கவிழ்த்துப் போட்டாள்.
முனைக்கொரு பேரிங் வைக்கச் சொன்னாள்.
குடம் அடிக்கும் மந்திரமூர்த்தி எழுந்தேவிட்டார்:
"கவுந்த வில்லுல சாமி எப்படிம்மா எறங்கும்?"
"எறங்க வேண்டாம் அண்ணாச்சி.
ஆள் ஏறட்டும்."

தாழையூத்தில் ஒரு பழைய சிமெண்டு குடோன்.
ஒரு ரூபாய் அகலத்தில் மைக் ஒன்றை
இரும்பின் வயிற்றில் ஒட்டினாள்.
வீசுகோலால் ஓர் அடி.
தகரக் கூரையிலிருந்து இருபது வருசத்துப் பொடி
எங்கள் தலையில் கொட்டியது.

"பேட்டை!" என்றாள்.
யாருக்கும் விளங்கவில்லை.
இரண்டாம் வகுப்புப் பயல் ஒருத்தன்
விளங்கிக்கொண்டு ஓடிப்போய்
வில்லின் முதுகில் உட்கார்ந்தான்.
நாண் ஒரு நூல் இறுகியது. சுதி ஒரு நூல் ஏறியது.
"பத்தமடை!"
டீ ஊற்ற வந்தவர், கேனோடு.
"சேரன்மாதேவி! வீரவநல்லூர்!"
செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று நின்று
கழற்றிவிட்டே ஏறினாள் ஒரு போலீஸ்காரி.
ஆள் ஏற ஏறப் பட்டை தாழ்ந்தது,
பட்டை தாழத் தாழ நாண் கூர்ந்தது,
வெண்கல மணிகள் தனியாக நடுங்கின.
"கொஞ்சம் உள்ள போங்க, உள்ள போங்க" என்று
அவள் அதையே பாட்டாக இழுத்தாள்.
எனக்கோ கண் முழுக்க
நடுத்துளையின் மேலேதான்:
தெறித்தால் அங்கேதான் தெறிக்கும்.

அம்பாசமுத்திரம் என்றதும்
மந்திரமூர்த்தி குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
எண்பத்தெட்டுக் கிலோ. ஏறி உட்கார்ந்து
மடியில் குடத்தை வைத்து
ஒரே தட்டு தட்டி, "ஆமா!" என்றார்.
அந்தச் சுதியை நான்
எந்த இரும்பிடமும் கேட்டதில்லை.

கூலி நாலாயிரத்து இருநூறு.
ஆயிரம் இன்னும் பாக்கி.
அடுத்ததற்கு இரட்டைப் பட்டை போடணும்,
ஆட்கள் இனிக் கூடுவார்கள் என்றேன்.
யோசித்துவிட்டுக் கல்யாண வண்டிப் பட்டையாகக் கேட்டாள்.

இன்று காலை பெருமாள்புரத்து வேன்காரர்,
கழற்றிப் போட்டதைக் காலால் தள்ளி,
"இது எடைக்குத்தானே?" என்றார்.
தட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.