வகையறா

ஜூன் கடைசி, இரவு ஷிப்ட்.
கிருஷ்ணகிரி தாண்டி குப்பம் போகும் சாலையில்
மாம்பழக்கூழ் ஆலை.
எடைமேடைக்குப் பக்கத்து அறையில் நான், கணினி,
மேசைக்கடியில் யாரோ விட்டுப்போன
அரைக்கூடை பெங்களூரா.

கூலிச்சீட்டு ஒவ்வொன்றும் ஒரு கோப்பு.
சீட்டு என எழுதி நட்சத்திரக்குறி வைத்துக்
கையால் அடித்தால் மொத்தமும் அச்சாகிறது.
அதே வரியை ஸ்கிரிப்டுக்குள் வைத்து ஏவினால்
அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது.
நாலு தடவை. எழுத்துப்பிழை இல்லை.
மின்விசிறியைத் திட்டினேன்.

ஒன்றரை மணிக்குத்தான் உறைத்தது:
அச்சுக் கட்டளைக்கு
நட்சத்திரம் படிக்கத் தெரியாது.
என்றைக்குமே தெரிந்ததில்லை.
கையால் அடிக்கும்போது நடுவில் ஷெல் நிற்கிறது,
கேட்டில் திம்மராயன் நிற்பதுபோல.
"பர்கூர் வண்டியெல்லாம் வரட்டும்" என்றால்
திரும்பி வரிசையைப் பார்த்து
ஒவ்வொரு டிரைவராகப் பேர்சொல்லிக் கூவுவார்.
மேடைக்கு வந்துசேர்வது பேர்கள்.
'எல்லாம்' வாசலோடு நின்றுவிடும்.

என் ஸ்கிரிப்ட் கேட்டுக்கே போகவில்லை.
நேராக உள்ளே நுழைந்து
'எல்லாம்' என்ற ஒற்றை லாரியைக் கேட்டிருக்கிறது.

ஷெல்லை நடுவில் நிறுத்திவிடலாம்தான்.
ஆனால் நான் ஒட்டிக்கொடுக்கும் பேரில்
ஓர் இடைவெளி இருந்தால் ஒருத்தியை இருவராக்கும்;
ஓர் அரைப்புள்ளி இருந்தால்
மிச்சத்தைப் புது ஆணை என்று ஓட்டும்.
வேண்டாம். ஸ்கிரிப்டே கோப்புறையைப் படிக்கட்டும்,
பேர்களைத் தனித்தனியாகக் கையில் கொடுக்கட்டும்.
மூன்று வரி மாற்றினேன்.
நாற்பத்தொரு சீட்டு, சூடாக.

அடுக்கும்போது கண்ணில் பட்டது ஒன்று:
'மாதம்மா வகையறா. 14 பேர். கொட்டை எடுப்பு.'
கீழே ஒரே ஒரு கைநாட்டு.

வகையறா.
இதை யார் விரிப்பது?
மேஸ்திரியிடம் போகும்போதும் வகையறா,
கேஷியரிடம் போகும்போதும் வகையறா.
நடுவில் யாரும் நிற்கவில்லை.

ஆறு மணிக்குத் தாளோடு இறங்கினேன்.
தரையெல்லாம் பிசுபிசுப்பு, செருப்பு விடவில்லை.
"யார் யாரும்மா?"
மாதம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.
"எதுக்கு, ஆளக் கொறைக்கறீங்களா?"
இல்லையென்று நம்பவைக்க நேரம் பிடித்தது.
அப்புறம் சொன்னாள்: சாக்கம்மா, ஜபீனா,
முனிரத்னா, கெம்பி, இன்னொரு கெம்பி
(இவ காவேரிப்பட்டணம், அவ வேப்பனப்பள்ளி),
ராஜகுமாரி, அவள் நாத்தனார்…
விரல் மடக்கி எண்ணினேன்.
மாதம்மாவோடு பதினாலு.

டிரம்முக்குப் பின்னால் ஒருத்தி
முழங்கைவரை மஞ்சளாக நின்றிருந்தாள்.

புள்ளியில் தொடங்கும் பேர்களை
நட்சத்திரம் தொடாது, அது கணினியில் விதி.
இருக்கிற கோப்புதான்,
தனியாகக் கேட்டால்தான் வரும்.

"நீங்க?"
"நான் முந்தாநேத்துதான் வந்தேன் சார், எழுதாதீங்க."
"பேரு?"

மேஸ்திரி ஏழு மணிக்கு வருவார்.
மேசையில் பதினைந்து சீட்டு இருக்கிறது.
கவரில் பணம்
பதினாலு பேருக்கு.