பதினைந்து, நான்கு

எங்கள் வீட்டில் எதிரொலிக்க இடமில்லை.
மிஷ்கோல்ட்ஸ் நகரில், ஆவஷ் குன்றின் மேல்,
பத்து மாடிக் கான்கிரீட் அடுக்கில்
ஏழாவது தளம், இரண்டு அறை.
கம்பளம், அலமாரி, காயப்போட்ட ஈரத்துணி:
எதைச் சொன்னாலும்
வாயருகிலேயே விழுங்கிவிடும்.

அந்த மார்ச்சில் எனக்கு வேண்டியிருந்ததோ
ஒரு தேவாலயம்.
கூரை உயர்ந்தது, கல் பாவியது,
ஆளில்லாதது.

கையிலிருந்தது கொமடோர்.
மாமா வியன்னாவிலிருந்து லாரியில்
போர்வைச் சுருளுக்குள் பதுக்கிக் கொண்டுவந்தது.
அதன் சில்லுக்கு மூன்றே குரல்.
ஒன்று கீழ்ச்சுருதிக்கு.
ஒன்று முரசுக்கு
(இரைச்சலைப் பொடிப்பொடியாய் நறுக்கினால் முரசு).
மிச்சம் ஒன்று பாட்டுக்கு.
எதிரொலி நான்காவது ஆள்.
நான்காவது நாற்காலி கிடையாது.

முரசை எழுப்பிவிட்டு அந்த இடத்தில்
பாட்டின் நகலை உட்காரவைத்தேன்,
மூன்று வரி பிந்தி, மயிரிழை சுருதி பிசகி.
நன்றாகத்தான் இருந்தது,
சவ ஊர்வலம் நன்றாக இருப்பதுபோல.
முரசைத் திரும்பக் கூப்பிட்டேன்.

இரவு பதினொன்றரை.
தொலைக்காட்சியின் ஒலிபெருக்கி மேல் மடித்த துண்டு.
சுவருக்கு அப்பால் அப்பா,
உருக்காலையின் காலை ஷிப்டுக்காக
கடன் அடைப்பவர்போல் தூங்கிக்கொண்டிருந்தார்.
அப்போதுதான் கண்ணில் பட்டது:
ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
பாட்டுக்குரல் சும்மா நிற்கிறது.
இமைப்பொழுதுதான். ஆனாலும் சும்மா.

அந்த இடுக்கில் வைத்தேன்,
சற்று முன் போன சுரத்தையே, மெலிதாக.
அசலுக்கு அளவு பதினைந்து.
நிழலுக்கு நான்கு.
மி. பிறகு லா.
லாவின் காலடியில் ஒரு சின்ன மி.
பிறகு ஸோல்.
அதன் காலடியில் சின்ன லா.
இரண்டு வரி பிந்தினால் தகர டப்பா.
ஐந்து பிந்தினால் திக்குவாய்.
மூன்றில்
சுவர்கள் எழுந்தன.

தொண்டை ஒன்றுதான்.
காது இரண்டு பேரைக் கேட்டது:
ஒருவன் பலிபீடத்தருகே,
ஒருவன் கடைசித் தூணுக்குப் பின்னால்.

சில்லுக்கு ஒரு குணம் உண்டு.
ஒலிக்கிற சுரத்தைத் தணிக்கலாம்,
தணிந்ததை உயர்த்த முடியாது;
விட்டுவிட்டுப் புதிதாய்த்தான் தொடங்க வேண்டும்.
இது தெரியாமல் இரண்டு இரவு வீணாயின.
அப்பாவிடமும் அப்படித்தான் என்று
பிறகு தோன்றியது.

ஏப்ரலில் லிஃப்ட் பழுது.
படிக்கட்டில், நான்காம் தளத் திருப்பத்தில்,
கீழ்வீட்டு பெர்டலன், டிராம் ஓட்டுபவர்,
உருளைக்கிழங்குப் பையோடு ஏறிக்கொண்டிருந்தார்.
சீட்டியடித்துக்கொண்டு.

மி. லா. மி. ஸோல். லா.

அசலையும் நிழலையும் சேர்த்து,
எது எது என்று தெரியாமல்,
எல்லாவற்றுக்கும் ஒரே மூச்சு:
பதினைந்து, பதினைந்து, பதினைந்து.
மனித வாய்க்கும் குரல் ஒன்றுதானே.
வெறும் படிக்கட்டு, பத்து மாடி உயரக் குழாய்,
ஒவ்வொரு சுரத்தையும் வாங்கி
மேலே கொண்டுபோய்
உடைத்துக் கொட்டியது.
நான் செய்த எதிரொலிக்கு
எதிரொலி.

"எமோகே, உங்கள் வீட்டு ரேடியோவில்
ராத்திரியானால் இதே பாட்டுத்தானா?"
பையைக் கீழே வைத்தார்.
"நல்ல மெட்டு. பாடுகிறவன்தான் குழம்புகிறான்,
சொன்னதையே திரும்பச் சொல்கிறான்."
ஆமாம் என்றேன்.
பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டேன்.
இரண்டு மாடி ஏறும்வரை அவர் சீட்டியை நிறுத்தவில்லை,
நானும் என்னுடையதென்று சொல்லவில்லை.

அன்றிரவு நான்கை மூன்றாக்கிப் பார்த்தேன்.
தேவாலயம் இன்னும் பெரிதானது.
தூணுக்குப் பின்னால் நின்றவன்
வாசலுக்கே போய்விட்டான்.
காதைத் தரையில் வைத்துக் கேட்டேன்.
கீழே சத்தமில்லை.

மறுபடி நான்காக்கினேன்.