உப்பு இறங்கும் காலம்

பதினான்கு வயதில் திடப்படுத்தல் ஆராதனை.
பாசிமணி கோத்த கழுத்தணி தோளை அழுத்த
வெள்ளைத் தோல் காலணியோடு பீடத்தின் முன் நின்றேன்.
போதகர் கேட்டதற்கெல்லாம் விசுவாசிக்கிறேன் என்றேன்,
கடைசிக் கேள்வியை அவர் முடிக்கும் முன்பே.
விருந்தில் கேக்கைக் கடித்தபடி நினைத்தேன்:
வளர வேண்டியதெல்லாம் வளர்ந்தாயிற்று.

அடுத்த குளிர்காலம்
அந்தக் காலணிக்குள் என் குதிகால் நுழையவில்லை.

அப்போதெல்லாம் என் ஜெபம் சத்தமாயிருக்கும்.
உபெர்னாவிக் மேட்டுத் தெருவின் நாய்கள்
ஊளையை நிறுத்திக் கேட்கும் என்பான் ஏனோக்,
என் தம்பி.

ஒரு மார்ச் மாதம் நாய்வண்டி பூட்டிப் போனான்.
தாங்கும் என்று சொன்னவர் கெர்த்,
முந்தின நாள் அதே வழியாக வந்தவர்.
ஒரே சொல். தாங்கும்.
ஏழு நாய்களில் இரண்டு திரும்பின,
அறுந்த வாரை இழுத்துக்கொண்டு.

பிறகு ஒன்பது குளிர்காலம்
மீன் தொழிற்சாலையில் ஒரே மேசையின் இரு பக்கம்.
அவர் தலை வெட்டித் தள்ளுவார், நான் குடல் எடுப்பேன்.
ஹாலிபட்டின் ஒரு கண் உச்சந்தலையோரம் இருக்கும்,
எந்தப் பக்கம் நின்றாலும் பார்க்கும்.
கத்தி வேண்டுமானால் கேட்போம். வேறு பேச்சில்லை.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனேன்.
கர்த்தருடைய ஜெபத்தில் அப்பம் வரை
எல்லோரோடும் வருவேன்.
கடனாளி என்ற சொல் நெருங்கும்போது வாய் மூடிக்கொள்வேன்.
சோதனைக்குச் சற்று முன்னால் மறுபடி சேர்ந்துகொள்வேன்,
ஓடும் வண்டியில் தொற்றி ஏறுகிறவள் மாதிரி.
ஒருவரும் கவனிக்கவில்லை.
கவனித்தவர் ஒருவர் உண்டு;
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

சத்தம் குறைந்ததால்
நான் முதிர்ந்துவிட்டேன் என்று நினைத்தது சபை.
முதலில் ஞாயிறு பள்ளியைக் கொடுத்தார்கள்,
பிறகு கோயில் சாவியை.
இரண்டும் பையில் கனத்தன.

போன ஏப்ரலில் தூண்டில் கயிறு இறக்கப் போயிருந்தோம்,
நானும் என் வீட்டுக்காரர் சோஃபுஸும்.
தேநீருக்குப் பனி வெட்டினேன்.
புதுப்பனி, ஒரே குளிர்காலத்துப் பிள்ளை,
கண்ணாடியாய் மின்னியது.
வாயில் வைத்தால் கரிப்பு. துப்பினேன்.
சற்றுத் தள்ளி, வடக்கிலிருந்து மிதந்து வந்து சிக்கிய பழம்பனி,
முண்டும் முடிச்சுமாய், மங்கிய நீலமாய்.
அதை உருக்கினால் நல்ல தண்ணீர்.
அதுவும் இதே உப்புக்கடல்தான்.
கோடைகள் கொஞ்சம் கொஞ்சமாய் இளக்க
உப்பு கீழே, கீழே இறங்கிச் சொட்டிப்போயிருக்கிறது.
யாரும் பிழியவில்லை.
இளகிய நாட்களில் அது
முழுதும் கரைந்தோடாமல் இருந்தது, அவ்வளவுதான்.

உப்பாயிருக்கச் சொன்ன ஆண்டவரே,
இது எந்த உப்பு என்று எனக்கு விளங்கவில்லை.
விளங்காமலே இரண்டு கோப்பை குடித்தேன்.

சூரியன் திரும்பிவந்த முதல் ஞாயிறு
கோயிலின் பின்பக்க ஹீட்டர் கெட்டுக் கிடந்தது.
கடைசி பெஞ்சுக்காரர்கள் எல்லாம் முன்னால் வந்தார்கள்.
கெர்த்தின் குரல் என் பிடரியில் பட்டது.
பரலோகத்தில் ஆரம்பித்து அப்பம் வரை வந்தது.
நான் நிறுத்தினேன்.
அதுவும் நின்றது.

சபை எங்கள் இருவரையும் விட்டுவிட்டு நடந்து போயிற்று.
மூச்சு மட்டும் கேட்டது பின்னாலிருந்து,
கனமான எதையோ கரையேற்றுகிறவரைப் போல.
நான் கொடுக்க மறுத்து நின்ற அதே வரியில்
கேட்கத் துணியாமல் நின்றிருந்தார் அவர்.
ஒன்பது குளிர்காலமுமா?
தெரியாது. நான் திரும்பிப் பார்த்ததேயில்லை.

ஆமென் சொல்லியாயிற்று.
போதகர் அறிவிப்புத் தாளை விரித்தார்.
அப்போதுதான் என் வாய் அந்த வரியைச் சொன்னது,
தாமதமாக, தனியாக, கரகரவென்று.
முன்வரிசைச் சிறுமி ஒருத்தி திரும்பிச் சிரித்தாள்.
பின்னாலிருந்து ஒரு சொல்லும் இல்லை.
பெஞ்சு மட்டும் கிறீச்சிட்டது.

திங்கட்கிழமை, நான் கேட்காமலே
கத்தியை நீட்டினார், பிடி என் பக்கமாக.
வாங்கிக்கொண்டேன்.
அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை,
மீனைப் பார்த்தேன்.
நாக்கில் இன்னும் கரிக்கிறது.