குறும்பி

பெர்கனில் பதினோராம் நாளாக மழை.
நிலவறை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து
எய்விண்ட் அதைத் தூக்கி வந்து என் மேசையில் வைத்தான்.
தகரப் பெட்டி, துருவேறிய கொக்கி,
உள்ளே பழைய செய்தித்தாளில் சுற்றிய
ஒரு முழ நீளக் குறும்பி.

ஆமாம், காதுக் குறும்பிதான்.
துடுப்புத் திமிங்கிலம். பெண். இடது காது.
பிடிபட்டது ஐம்பத்தேழு, ஜூலை.
பென்சில் எழுத்து அதற்குமேல் பேசவில்லை.

திரியில்லாத மெழுகுவர்த்தி, என்றான்.
குனிந்து முகர்ந்தான்.
ஒன்றும் சொல்லாமல் காபி போடப் போனான்.

போன வாரம் ஒரு நர்ஸ்
வெந்நீர் பீய்ச்சி என் காதைக் கழுவினாள்.
எவர்சில்வர் கிண்ணத்தில் விழுந்தது
பருப்பளவு பழுப்பு.
நாற்பத்து மூன்று வருடம் கேட்டதற்கு இவ்வளவுதானா, என்றேன்.
அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.
மனிதக் காது தானாகவே வெளியே தள்ளிவிடும், என்றாள்.
ஒரு காதில் வாங்கி மறு காதில் விடும் பிறவிகள் நாம்.

இதற்கு வாசல் இல்லை.
தோல் மூடிய காது.
சுரந்ததெல்லாம் உள்ளேயே உறையும்:
வடக்கே வயிறு நிறைந்த கோடைக்கு ஒரு வெளிர் பட்டை,
தெற்கே பட்டினியோடு நீந்திய மாதங்களுக்கு ஒரு கரும்பட்டை.
இரண்டும் சேர்ந்தால் ஒரு வயது.

நீளவாக்கில் அறுத்தேன்.
முப்பத்தொன்று.
பிறகு ஊசிமுனைக் கரண்டியால்
பட்டை பட்டையாகச் சுரண்டிக் குப்பிகளில் இட்டேன்.
குப்பி இயந்திரத்துக்குப் போகும்.
அந்த ஆறு மாதம் அவள் எவ்வளவு பயந்தாள் என்பதை
இயந்திரம் ஓர் எண்ணாகத் தரும்.

இந்த வாசிப்பில் ஒரு சங்கடம்.
படித்த பக்கம் மிஞ்சாது.

பத்தாவது வயதில் வேறொரு சுரப்பு ஏறி, இறங்கியது.
கன்று.
பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை
சமவெளியை எதிர்பார்த்தேன்.
போர் ஆண்டுகள்.
வேட்டைக் கப்பல்களுக்கு வேறு பீரங்கி பூட்டி
வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள்.
அவளை யாரும் தேடவில்லை.

கோடு செங்குத்தாக ஏறியது.

கருவியைச் சரிபார்த்து மறுபடி ஓட்டினேன்.
மறுபடியும் ஏறியது.
எய்விண்ட்தான் சொன்னான்,
நீர்மூழ்கிகளுக்காக ஆழத்தில் போட்ட வெடிகள் என்று.
காதைப் பொத்திக்கொள்ள அவளுக்குக் கை இல்லை.
பொத்தித்தான் இருந்தது, பிறந்ததிலிருந்து.

கடைசிப் பட்டை வெளிர்.
நகக்கண் அகலம்கூட இல்லை, பாதிக் கோடை.
கூனிறால் கொழுப்பு இன்னும் விரலில் பிசுபிசுக்கிறது.
கரண்டியை வைத்தேன். எடுத்தேன்.
இதில் ஈட்டி இருக்காது.
ஈட்டி வந்த நேரம்
மெழுகாக உறையப் போதாது.
இதில் இருப்பது தின்றது மட்டும்,
வெயில் பட்ட நீரில் வாய் திறந்து போனது மட்டும்.

படிவத்தில் எழுதினேன்: மாதிரி போதவில்லை.
போதுமான அளவு இருந்தது.

அந்தத் துண்டைத் திரும்பச் சுற்றும்போது பார்த்தேன்,
செய்தித்தாளில் ஒரு மார்கரின் விளம்பரம்.
ரொட்டியைக் கடித்துச் சிரிக்கும் பையன்.
எந்த எண்ணெயில் செய்தது என்று போடவில்லை.

முடிந்ததா, என்றான் எய்விண்ட் வாசலிலிருந்து.
காதில் விழாத மாதிரி
கொக்கியை மாட்டினேன்.
மாட்டவில்லை.
துரு.