குறைந்த அளவு பத்து கிலோ

புதுவயலில் லாரி எடைமேடை என் பொறுப்பு.
நெல்லோடு ஏறுவார்கள், தவிட்டோடு இறங்குவார்கள்,
சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன்.
பத்து கிலோவுக்குக் கீழே எங்கள் மிஷினுக்குக் கண் தெரியாது.

அதனால்தான்
பேன்ட் இடுப்பில் நிற்காமல்போன மாசியில்
ஆளில்லாத நேரம் நானே ஏறி நின்றேன்.
அறுபது.
தீபாவளிக்கும் அறுபதுதான்.
பெல்ட்டில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டேன்.

ரத்தத்துக்கு மூலம் என்று
நானே பெயர் வைத்திருந்தேன்.
மருந்துக்கடையில் பொம்பளைப் பிள்ளைகள் நின்றால்
இருமல் மாத்திரை வாங்கித் திரும்பிவிடுவேன்.
இருமாத மனுஷன் வீட்டில்
இருபது பட்டை இருமல் மாத்திரை.

ராத்திரி ஷிப்டு. அவியும் நெல்லின் வாசனை
கூண்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.
போனில் தேடினேன், ஒரு கேள்வித்தாள் திறந்தது.
பெயர் கேட்கவில்லை. யார் மகன் என்று கேட்கவில்லை.
ரத்தம் உண்டா? ஆம்.
எத்தனை வாரமாக?
இரண்டு என்று போட்டேன்.

ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்தும் டிரைவர்களை
எத்தனை முறை பின்னால் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்!
இருதயராஜை நேற்றுகூட.
அழித்துவிட்டுப் பதினான்கு போட்டேன்.

அது பயமுறுத்தவில்லை.
வேறு காரணமாகவும் இருக்கலாம்,
இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள் என்றது.
நினைவூட்டட்டுமா என்றது.
சரி என்று நம்பரைக் கொடுத்தேன்,
கடன்காரனுக்குத் தேதி சொல்வதுபோல.

எட்டாம் நாள் போன் சார்ஜரில் கிடந்தது.
மீன் கழுவிய கையோடு உண்ணாமலை எடுத்தாள்.
என் பதில்கள் வரிசையாக விரிந்திருக்க வேண்டும்.
பதினான்கு வந்த இடமாக இருக்கும்,
விரல் நின்றது.

அழவில்லை. திட்டவுமில்லை.
"டாக்டரைப் பாத்தாச்சா?
ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணைத் தொடுங்க"
உள்ளங்கை இரண்டையும் நீட்டினாள், ஈரத்தோடு.
எது ஆமா, எது இல்ல என்று கேட்டேன்.
"நாளைக்கு ஏழேகால் பஸ்" என்றாள்.

காரைக்குடி பெரியாஸ்பத்திரி, சீட்டு நாற்பத்தொன்று.
டாக்டரம்மா என் மகளைவிடச் சின்னவர்.
வாய் வராமல் போனை நீட்டினேன்.
படித்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.
"இப்ப நீங்க சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி,
மூலையில் கிடந்த சின்ன மிஷினில் ஏறச் சொன்னார்.

ஐம்பத்தாறு புள்ளி நான்கு.

அந்தப் புள்ளியைத்தான்
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.