அறிவிக்க ஏதேனும் உண்டா?

ஆந்தீஸ் கணவாயில், சிலே பக்கச் சாவடியில்,
பழம் பிடிக்கிற வேலை எனக்கு.
ஆப்பிள், பட்டை உரிக்காத விறகு, வீட்டுத் தேன்
எதுவும் தாண்டக் கூடாது.

நேற்று ஒரு லாரிக்காரர்
காலுறைக்குள் சுருட்டிவைத்த தேன்குப்பியை
நாய் மோந்து காட்டியது.
"மகளுக்கு" என்றார்.
எல்லாரும் மகளுக்குத்தான் கொண்டுபோகிறார்கள்.
ரசீது எழுதினேன். தொட்டியில் குப்பி விழுந்த சத்தம்
கனமாக இருந்தது.

ஆய்லென் வயிற்றில் இருந்தபோது
நாளைக்கு நான்கு தடவை விரல்நுனி குத்தினேன்.
இடது மோதிரவிரல்தான் தாராளமாக ஈந்தது.
ரொட்டியைப் பாதியாக்கினேன்.
மாத்தே பானத்தில் சர்க்கரையை நிறுத்தினேன்;
மாமியார் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொண்டார்.
பிறந்தாள், நாலு கிலோ நூறு.
சர்க்கரை இறங்கிவிட்டது என்றார்கள்.
கருவியை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.
"வருஷா வருஷம் வந்து பாருங்கள்" என்ற தாளை
அவள் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் செருகினேன்.
அவளுடைய ஊசி ஒன்றும் தவறவில்லை.

ஐந்தாம் வருஷம், பள்ளியில் சேர்க்க
அட்டையை எடுத்தபோது
தாள் தானாக விழுந்தது.

லொன்கிமாய் மருத்துவமனை, காலை ஏழரை.
எலுமிச்சை வாசனையில் பாகு போல ஒரு கோப்பை.
ஐந்து நிமிஷத்தில் குடிக்க வேண்டும்.
பிறகு இரண்டு மணி நேரம் எழுந்து நடக்கக் கூடாது.
இரண்டு மணி நேரம்!
யாரும் கூப்பிடாமல் நான் உட்கார்ந்து
எத்தனை காலம் ஆயிற்று.
தூங்கிவிட்டேன்.
நர்ஸ் மிரேயா தோளைத் தொட்டு எழுப்பினாள்.

நூற்று அறுபத்திரண்டு.
"நோய் என்று சொல்ல முடியாது. சரி என்றும் சொல்ல முடியாது.
நடுவில் இருக்கிறீர்கள், ராயென்."

நடுவில் என்றால் எனக்குத் தெரியாதா.
எங்கள் சாவடிக்கும் அவர்கள் சாவடிக்கும் இடையே
மலைப்பாதை கிடக்கிறது, கிலோமீட்டர் கணக்கில்.
ஆள் கிடையாது, கொடி கிடையாது,
அரௌக்காரியா மரங்களும் காற்றும்.
பனியில் வண்டி நின்றுபோய்
அங்கிருந்தே திரும்பி வந்தவர்கள் உண்டு.
எல்லாரும் இல்லை. சில பேர்.

இப்போதெல்லாம் ஷிஃப்ட் முடிந்ததும்
ஊழியர் வேனில் ஏறுவதில்லை.
முதல் வளைவு வரை நடக்கிறேன்.
வியாழக்கிழமை இரண்டாம் வளைவு.
வேன் அங்கே காத்திருக்கிறது, ஹாரன் அடித்துக்கொண்டு.
இரவில் ஆய்லென் மிச்சம் வைத்த கேக்கை
என் வாய்க்குக் கொண்டுபோய்
பாதி வழியில் நிறுத்துகிறேன்.
சில நாள் நிறுத்துவதில்லை.

காலையில் கூண்டைத் திறந்தால்
அந்த நாய் முதலில் என் கையை மோந்து பார்க்கிறது.
மணிக்கட்டு வரை, பொறுமையாக.
பிறகு விட்டுவிடுகிறது.
அதற்குப் பழம்தான் பழக்கம்.